காற்றுக்கும் கணக்கு வேண்டும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி கணக்கு. நெசவாளர் சங்கத்தில் எத்தனை கட்டு நூல் வந்தது, எத்தனை புடவை ஆயிற்று என்பதும், விவசாயிகள் சங்கத்தில் எத்தனை மூட்டை உரம் வந்தது, யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதும் பேரேட்டில் பதிவாகின்றன. பொதுச் சொத்து எதுவாயினும், அதற்கு ஒரு கணக்கும், அக்கணக்கைத் திறம்பட எழுதும் அலுவலரும், அதனைப் படித்துக் கேள்வி கேட்கும் அங்கத்தினரும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொத்து தேய்ந்துவிடும்.

நாம் பங்குத்தொகை செலுத்தாமலே அனுபவித்துவரும் பொதுச் சொத்து ஒன்று உண்டு. அது காற்று. அதனை எவ்வாறு காப்பது என்பதைச் சென்னை நகரின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். நம்மவர் நெய்த பட்டும், நம்மவர் விளைத்த காய்கறியும் விலையாகும் தெருக்கள் அவை. அங்கு கண்ட படிப்பினை நம் ஊர்களுக்கும் பொருந்தும்.

காற்றில் கலப்பவை யாவை?

வாகனப் புகை, சாலைப் புழுதி, கட்டட வேலையின் தூசி, குப்பை எரிக்கும் புகை, விறகடுப்பின் புகை, ஆலைப் புகை ஆகியவை காற்றில் கலக்கின்றன. இவற்றுள் கொடியது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அதில் இரண்டரைக் கூறுக்கு மேற்படாத துகளை ‘பி.எம். 2.5’ என்று குறிப்பர். தலைமுடியின் தடிப்பில் இது முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மூக்கும் தொண்டையும் இதனைத் தடுத்து நிறுத்த மாட்டா. நுரையீரலின் ஆழத்திற்குச் சென்று இரத்தத்திலும் கலக்கும் இயல்புடையது. மூச்சு நோய்க்கு மட்டுமன்றி மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இது காரணமாகிறது.

2009-ஆம் ஆண்டில் நமது நாடு விதித்த தர அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கும், ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கும் மேற்படலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டு அளவோ 5 மைக்ரோகிராம்தான். எனவே, நமது தர அளவுக்குள் இருக்கிறோம் என்பதனாலேயே தீங்கு இல்லை என்று கருதலாகாது.

அளவைப் படிக்கும் முறை

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அதனை நடைமுறைப்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. பொதுமக்கள் எளிதில் அறிந்துகொள்ளும் பொருட்டு 2015-இல் காற்றுத் தரக் குறியீடு ஏற்படுத்தப்பட்டது. 0 முதல் 50 வரை நன்று. 100 வரை திருப்தி. 200 வரை மிதம். 300 வரை மோசம். 400 வரை மிக மோசம். அதற்கு மேல் 500 வரை கடுமை.

இங்கு ஒரு நுட்பத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ‘மிதம்’ என்னும் சொல் நமக்கு ஆறுதலாகத் தோன்றும். ஆனால் குறியீடு 100-ஐத் தாண்டினாலே, நாடு விதித்த ஒரு நாள் தர அளவு மீறப்பட்டது என்று பொருள். ஆஸ்துமாக்காரருக்கும் இருதய நோயாளிக்கும் ‘மிதம்’ என்ற நிலையிலேயே மூச்சுத் தொல்லை நேரக்கூடும். வரவு செலவு அறிக்கையில் ‘இதர செலவு’ என்ற வரியை எவ்வளவு கவனத்துடன் படிக்கிறோமோ, அவ்வளவு கவனத்துடன் இச்சொல்லையும் படித்தல் வேண்டும்.

நோய் நாடிய ஆய்வு

அளவு தெரிந்தால் மட்டும் போதாது. மாசு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தில்லி, மும்பை, சென்னை, பெங்களூர், புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களில் இதனை ஆராயச் செய்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. சென்னையில் ஆய்வை மேற்கொண்டது கிண்டி ஐ.ஐ.டி. நிலையம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் குடியிருப்புப் பகுதிக்கும், அடையாறும் சைதாப்பேட்டையும் சாலையோரத்துக்கும், அம்பத்தூர் தொழிற்பகுதிக்கும் சான்றாகக் கொள்ளப்பட்டன. மரங்கள் அடர்ந்த ஐ.ஐ.டி. வளாகம் ஒப்புநோக்குவதற்கான இடமாயிற்று.

ஒரே நகரமாயினும் பெருஞ்சாலை ஓரத்துக் காற்று வேறு, உள்தெருவின் காற்று வேறு. நகரத்துக்கு ஒரு சராசரியைச் சொல்லிவிட்டால், சாலையோரத்தில் நாள் முழுவதும் அமர்ந்து பூ விற்கும் மூதாட்டியின் மூச்சு அதில் மறைந்து போகும். ஆகவே இடந்தோறும் அளப்பதும், கருவிகளைக் காலந்தோறும் சரிபார்ப்பதும், கிடைத்த எண்களிலிருந்து காரணத்தைப் பிரித்தறிவதும் அரசாங்க அலுவலர் கற்கவேண்டிய தொழில்திறமைகளாம்.

அத்திறமை பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காரணத்தைச் சரியாகக் கண்டு, மாற்றுப் பொருளையும் கொடுத்தபடியால் அக்காரியம் நிறைவேறிற்று.

போகி தரும் பாடம்

பொதுமக்களின் விழிப்புணர்வுக்குத் தக்க சான்று போகிப் பண்டிகை. ‘பழையன கழிதல்’ என்ற நோக்கில் ஓலையும் பாயும் எரித்த வழக்கம், நகரங்களில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் வழக்கமாகத் திரிந்தது. தை பிறக்கும் முன் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசைவற்று நிற்கும். பகலில் வீசும் கடற்காற்று அந்நேரத்தில் உதவிக்கு வாராது. புகை மேலே எழாமல் பனியுடன் கலந்து தெருக்களிலேயே தங்கிவிடும். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிக்கு முன்பும் போகியன்றும் நகரின் பல பகுதிகளில் காற்றை அளந்து வெளியிடுகிறது. எரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோளும் ஆண்டுதோறும் விடுக்கப்படுகிறது. 2024-இல் சென்னை மாநகராட்சி, பழைய துணி, டயர் முதலியவற்றை வீட்டு வாசலிலேயே வந்து பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தது. அறிவுரையைவிட இவ்வேற்பாடு ஒரு படி மேலானது. கொளுத்தாதே என்று சொல்பவர், கொளுத்தாமல் வேறு என்ன செய்வது என்பதற்கும் வழிகாட்ட வேண்டும். குப்பை வண்டி வாராத தெருவில் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் புகை நிற்காது.

சேர்த்து வைத்த குப்பையும் ஒருநாள் புகையும் என்பதை 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் மூண்ட தீ காட்டிற்று. சில நாட்கள் அப்புகை தென்சென்னை மக்களை வாட்டியது. வீடுதோறும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது காற்றைக் காக்கும் பணியும் ஆகும்.

நமது கடமை

பதினைந்தாவது நிதிக்குழு, பெருநகரங்களின் காற்றின் தரத்தை உயர்த்துவதற்கென்றே மானியம் வகுத்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி ஆகியவை அதற்கு உரியவையாயின. அப்பணம் எதற்குச் செலவாயிற்று, அதனால் காற்று எவ்வளவு தூய்மையாயிற்று என்று கேட்பது குடிமக்களின் உரிமை. கேட்பவர் இல்லாவிடில், எழுதுபவரின் கையும் தளர்ந்துவிடும்.

1904-இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியோர், வாங்கும் பண்டம் தரமாகவும் நியாய விலையிலும் கிடைக்க வேண்டும் என்று ஒன்றுகூடினர். உண்ணும் அரிசிக்குக் காட்டிய அந்த அக்கறையை, உயிர்க்கும் மூச்சுக்கும் நாம் காட்டுவோமாக.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு:

1. நமது ஊரில் குப்பையும் பயிர்க்கழிவும் எங்கு, ஏன் எரிக்கப்படுகின்றன? எரிக்காமல் அகற்ற என்ன ஏற்பாடு தேவை?

2. தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியும், சமையலறைப் புகையும் யார் நெஞ்சில் அதிகம் சேர்கின்றன? காற்றோட்டத்துக்குச் சங்கம் என்ன செய்யலாம்?

3. நமக்கு அருகில் காற்றை அளக்கும் நிலையம் எது? அதன் எண்ணை மாதந்தோறும் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதும் பொறுப்பை ஏற்பவர் யார்?