பார்வை இழந்தவரும் தோட்டம் போடலாம்

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலே பால் மரம் வெட்டிப் பழகிய அண்ணன்மார்களே, அக்காமார்களே! விடியாத இருட்டிலே, நெற்றி விளக்கு காட்டிய சின்ன வட்டத்துக்குள்ளே நீங்கள் வேலை பார்த்தவர்கள். பட்டையிலே உளி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கண்ணா சொன்னது? கைதானே சொன்னது! கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் குறைவு. அந்தக் கணக்கெல்லாம் விரலிலே இருந்தது.

இன்று நம்மவர்களிலே சிலருக்கு வயதாகியோ, இனிப்பு நீர் முற்றியோ பார்வை போய்விடுகிறது. உடனே வீட்டார் வாசலிலே ஒரு நாற்காலியைப் போட்டு, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்பா, சும்மா இருங்க" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அன்பினாலேதான் சொல்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற மனுஷன் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? சீனி ஏறும். ராத்திரித் தூக்கம் கெடும். கால் பலம் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, 'நான் வீட்டுக்குப் பாரம்' என்ற எண்ணம் மனத்தை அரித்துவிடும். அது எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத நோய்.

தோட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பார்வை போனது போனதுதானா என்று டாக்டரிடம் கேட்டீர்களா? 2014-ல் நம் நாட்டிலே எடுத்த தேசியக் கண் ஆய்விலே, 50 வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் கண்புரைதான் என்று தெரிந்தது. கண்புரையை அறுவை செய்து எடுக்கலாம், பார்வை திரும்பும். இனிப்பு நீரால் விழித்திரை கெட்டது அப்படியல்ல. ஆரம்பத்திலே பிடித்தால் நிறுத்தலாம், முற்றிய பிறகு போனதைத் திருப்புவது கஷ்டம். ஆகவே முதலில் கிளினிக்குக்குப் போய்க் கடிதம் வாங்கி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக் கண் பிரிவிலே காட்டிவிடுங்கள்.

அதற்கும் மேல் பார்வை திரும்பாது என்றாகிவிட்டவருக்குத்தான் இனி எழுதுவது.

கண் தெரியாதவன் மண்ணைக் கொத்துவதா என்று சிரிக்க வேண்டாம். 1951-ல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம், பிரிக்ஃபீல்ட்ஸில் கைத்தொழில் கற்றுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பகாங்கில் தெமர்லோவிலே தாமான் ஹாரப்பான் என்ற இடத்தில் பார்வையற்றவர்களுக்கு விவசாயமே சொல்லிக் கொடுத்தது. இந்தியாவிலும் குஜராத் மாநிலத்துப் பன்சா என்ற ஊரிலே 1960-ல் இதே மாதிரி ஒரு பயிற்சி நிலையம் வந்தது. கிராமத்திலே பிறந்தவனைப் பட்டணத்துக்குக் கொண்டு போய்க் கூடை முடைய வைப்பதைவிட, அவனுக்குத் தெரிந்த மண்ணிலேயே நிற்க வைப்பது மேல் என்பதுதான் இதிலே உள்ள யோசனை. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது.

சரி, எப்படிச் செய்வது?

வீட்டுப் பின்வாசல் படியிலிருந்து தொடங்குங்கள். படியருகே ஒரு கம்பம், தோட்டத்துக் கடைசியிலே ஒரு கம்பம், இரண்டுக்கும் இடையே இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு. அந்தக் கயிறுதான் பாதை. பாத்தி திரும்புகிற ஒவ்வோர் இடத்திலும் கயிற்றிலே ஒரு முடிச்சு. முதல் முடிச்சு வெண்டை, இரண்டாவது முடிச்சு கத்தரி என்று இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிடும்.

பாத்தி நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும். சுற்றிலும் பலகையோ செங்கல்லோ வைத்து உயர்த்திக் கட்டினால், எது பாத்தி எது நடைபாதை என்று கால் தானாகவே சொல்லும். நடைபாதையிலே களைகூட முளைக்காதபடி அட்டையைப் போட்டு மேலே மரத்தூளைக் கொட்டிவிடுங்கள்.

விதை நடுவதற்கு ஒரு குச்சி, ஒரு கயிறு போதும். கயிற்றிலே ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பாத்தியின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குழி. களை எடுக்கும்போது முடிச்சுக்கு நேரே இருப்பது பயிர், இடையிலே இருப்பது களை. வளர்ந்த பிறகு இலையே பேசும். வெண்டை இலை சொரசொரப்பு, பசலை வழவழப்பு, கறிவேப்பிலையையும் செரையையும் கசக்கினால் மூக்குக்குத் தெரியும். தண்ணீர் போதுமா என்று பார்க்க விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மண்வெட்டி, வாளி, கத்தி எல்லாவற்றுக்கும் ஒரே இடம். உதவி செய்கிறேன் என்று எடுத்து வேறு பக்கம் வைத்தால், அவருடைய கண்ணை மறுபடியும் ஒருமுறை பிடுங்கியதற்குச் சமம். பிள்ளைகள் சைக்கிளைப் பாதையிலே போடக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இனி உடம்புக்கு வரக்கூடிய ஆபத்துகள். பாகலுக்கும் பயற்றங்காய்க்கும் நடுகிற குச்சியின் நுனியிலே பழைய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து வையுங்கள். குனியும்போது முகத்திலே குத்தாது. மிளகாய் பறித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள். செருப்பில்லாமல் இறங்கவே கூடாது, ரப்பர் பூட்ஸ் நல்லது. எலி ஓடுகிற ஈர மண்ணிலே வெறுங்கையைப் போட்டால் எலிக்காய்ச்சல் வரும், கையுறை வேண்டும். புதருக்குள் கை விடும் முன் கோலால் தட்டுங்கள், பாம்பு இருந்தால் விலகிப் போகும். ரெம்பாவ் பக்கம் அக்டோபர், நவம்பரிலே மாலை இடி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பார்வை இல்லாதவருக்கு மின்னல் முன்கூட்டிச் சொல்லாது. தூரத்திலே முதல் உறுமல் கேட்டதுமே மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்காவிட்டால் டிங்கிக் கொசுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.

மருந்து விஷயத்திலே மட்டும் நான் கண்டிப்பு. களைக்கொல்லியான பாராகுவாட் இந்த நாட்டிலே 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழைய டின் எங்காவது கொட்டகை மூலையிலே கிடக்கலாம். லேபிளைப் படிக்க முடியாதவர் கைக்கு எட்டுகிற இடத்திலே எந்த விஷமும் இருக்கக் கூடாது. யூரியா உரம் தடவிப் பார்த்தால் சீனி மாதிரியே இருக்கும். அதைச் சமையலறைப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த நோயிலே முதலில் பாதம் மரத்துப் போகும், பிறகு விரலும் மரக்கலாம். விரல் மரத்தால் மேலே சொன்ன பாடமெல்லாம் வீண்! சீனியைக் கட்டுப்பாட்டிலே வைப்பது, மிச்சமிருக்கும் இந்தக் 'கண்ணை'க் காப்பாற்றத்தான். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும் என்பதால், தினமும் சாயங்காலம் வீட்டிலே யாராவது ஒருவர் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றிலே கொத்தப் போகாதீர்கள். சட்டைப் பையிலே இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வேர்த்தால் உடனே வாயில் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. லயத்து வீட்டிலே இருப்பவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு பாத்தி கட்டுங்கள்; பயிர் காய்க்கும் நேரத்திலே தகராறு வேண்டாம். பயமாக இருந்தால் கிளைச் செயலாளரையும் கூட்டிப் போங்கள். லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர்களுக்கு எண்ணெய் டின்னும் உரச்சாக்குமே பாத்திதான். வேலை செய்யும் வயதிலே பார்வை இழந்தவர் சொக்சோவிலே இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போட முடியுமா என்று விசாரிக்கத் தவறாதீர்கள். சமூகநல இலாகாவிலே ஓ.கே.யூ. அட்டைக்கும் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் பயிராக எதைப் போடுவது? கங்கோங் போடுங்கள். விதை பெரியது, விரலுக்கு அகப்படும். மூன்று நாலு வாரத்திலே அறுக்கலாம். அடியிலே இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும். முதல் கட்டை அவரே அறுத்து, அவர் கையாலேயே அடுப்படிக்குக் கொண்டு வரட்டும்.