ஈக்வலைசரில் கை வைக்குமுன்

1. சிக்னல் கெட்டிருக்கிறது என்றதும் ஈக்வலைசரைத் தேடி ஓடாதீர்கள், பிள்ளைகளே. முன்பக்க ஆம்ப்ளிஃபயர் திணறி அலையின் தலை வெட்டுப்பட்டிருந்தால், எத்தனை டேப் (ஈக்வலைசரின் பெருக்கல் எடை) போட்டாலும் சாதாரண ஈக்வலைசரால் அதை ஒட்டவைக்க முடியாது. கெயினைக் குறையுங்கள்.

2. மைக்ரோ செகண்டை மீட்டராக மாற்றிப் பழகுங்கள். ரேடியோ அலை ஒரு மைக்ரோ செகண்டில் சுமார் 300 மீட்டர் போகும். ஜிஎஸ்எம் செல்பேசியில் ஒரு பிட்டின் நீளம் 3.69 மைக்ரோ செகண்ட். மலையில் மோதி 1.1 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி, அடுத்த பிட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். எதிரொலி எவ்வளவு நீளமோ அவ்வளவு டேப் போதும் என்று நினைக்காதீர்கள். அதை அழிக்க நாம் கழிக்கும் நகலுக்கும் ஓர் எதிரொலி உண்டு. அதையும் அழிக்க வேண்டும்.

3. ஜிஎஸ்எம் அனுப்பும் 148 பிட் தொகுப்பில் 26 பிட்டுகள் இரு தரப்புக்கும் முன்பே தெரிந்தவை. ஈக்வலைசர் சேனலைக் கற்பது அவற்றைக் கொண்டுதான். அவற்றை நட்டநடுவில் வைத்ததுதான் அழகு. வண்டி ஓட ஓடச் சேனல் மாறும். நடுவில் கற்றுக்கொண்டது இரு ஓரங்களுக்கும் பாதித் தூரம்தான் செல்லுபடியாக வேண்டும்.

4. விட்ரோவும் ஹாஃபும் 1960இல் தந்த எல்எம்எஸ் முறையை இன்னும் யாரும் தூக்கி எறியவில்லை. பிழையை உள்ளீட்டால் பெருக்கி, அதில் ஒரு துளியை டேப் மதிப்பில் சேர்ப்பது, அவ்வளவே. அந்தத் துளி பெரிதானால் டேப்புகள் நடுங்கும், கட்டுக்கடங்காமல் சிதறியும் போகும். சிறிதானால் சேனல் ஓடிய பிறகு துரத்தும். துளியின் மேல் எல்லை, டேப் எண்ணிக்கையையும் உள்ளீட்டின் திறனையும் பொறுத்தது. திறன் ஏறி இறங்கும் இடத்தில் துளியை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள்.

5. பெல் ஆய்வகத்தில் லக்கி 1965இல் தொலைபேசிக் கம்பிக்குச் செய்த முறை, பிட்டுகளின் மோதலை முற்றாகப் பூஜ்ஜியமாக்கப் பார்க்கும். ரேடியோவிலோ சில அலைவரிசைகளைச் சேனலே விழுங்கிவிடும். அங்கே தூக்கிவிட்டால் எழுவது இரைச்சல்தான். கொஞ்சம் மோதலைச் சகித்துக்கொள்ளும் எம்எம்எஸ்இ முறையே என் தேர்வு.

6. பயிற்சி முடிந்து, ஈக்வலைசரைத் தன் முடிவுகளையே நம்பி ஓடும் நிலைக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பாதி முடிவுகள் தப்பாக இருந்தால் தப்பையே கற்கும்.

7. டேப் மதிப்புகளைத் திரையில் வரைந்து பாருங்கள். பெரிய டேப் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சேனலை அல்ல, உங்கள் ரிசீவரின் கடிகாரத்தை.