துளை வழியே ஓர் இரவு: நிழற்பெட்டிக் காட்சி அமைக்கும் முறை

நவராத்திரிக் கொலுவை நாம் முன்னின்றும் பார்க்கலாம், பக்கவாட்டில் நின்றும் பார்க்கலாம். திருவிழாக்களில் முன்னாளில் வந்த பயாஸ்கோப் பெட்டியோ அத்தகையதன்று. கண்ணைத் துளையில் பதித்தால் மட்டுமே காட்சி; அதுவும் பெட்டிக்காரர் காட்ட விரும்பிய காட்சி. மாதிரி உருவங்களை அமைக்கும் கலையில் நிழற்பெட்டி என்று வழங்கப்படுவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நாற்புறமும் அடைத்த பெட்டி, முன்புறம் ஒரு சிறு சாளரம், பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாத விளக்கு, உள்ளே சிற்றளவில் ஓர் உலகம். இவ்வளவே அதன் இலக்கணம்.

இக்கலை புதியதன்று. ஏறத்தாழ 1655க்கும் 1660க்கும் இடையில் டச்சு ஓவியர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் செய்த பெட்டியொன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரு துளைகள். எத்துளை வழியே நோக்கினும் ஒரு வீட்டின் உட்புறம் உண்மை போலவே விரியும். நம் காலத்தில் சிகாகோவைச் சேர்ந்த ஷெப்பர்ட் பெயின் (1946–2015) இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர். சிற்றுருவக் காட்சிகள் அமைப்பது பற்றி அவர் 1980இல் வெளியிட்ட நூலைப் பயின்று கற்றவர் பலர்.

செய்முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவதே நலம். இவ்வாண்டுக் கண்காட்சிக்கு நம் மேல்வகுப்பு மாணவர்கள் தேர்ந்த பொருள், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கிய நிகழ்ச்சி. சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் வந்த வழி இதுவே. இரவு ஒன்பதரை மணியளவில், துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 2,700 மீட்டர் தொலைவில் நின்று, தளபதி கார்ல் ஃபான் முல்லரின் ஆணைப்படி அக்கப்பல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் இரண்டு தொட்டிகள் பற்றியெரிந்தன. உயிரிழந்தோரும் உண்டு. பல்லாயிரவர் நகரை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் எம்டன் வீழ்ந்தது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கண்ணின் இடம். மாணவர்கள் தயக்கமின்றிக் கடற்பக்கத்தைத் தேர்ந்தனர்: அருகே எம்டன், அப்பால் எரியும் சென்னை. அடுத்தது அளவு. எம்டனின் நீளம் 118 மீட்டர். 1/350 அளவில் அது 34 செ.மீ. ஆகும், 1/700 அளவில் 17 செ.மீ. சாளரத்தின் அகலம் 16 செ.மீ., சாளரத்துக்கு 30 செ.மீ. முன்னால் கண், 15 செ.மீ. பின்னால் கப்பல் என்று கொண்டால், கப்பல் நிற்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் அகலம் 24 செ.மீ. மட்டுமே. ஆகவே சிறிய அளவையே கொண்டோம். பெரிய கப்பல் வேண்டுமென்று அடம்பிடித்தோரும் வட்டக்கருவியை எடுத்து வரைந்து பார்த்தபின் அமைதியாயினர்.

இனித் தொலைவு. 2,700 மீட்டரை 700ஆல் வகுத்தால் 3.86 மீட்டர் வரும். அத்துணை நீளப் பெட்டியை எந்த மண்டபத்தில் வைப்பது? கப்பலுக்கும் பின்திரைக்கும் இடையே எமக்குக் கிடைத்தது 30 செ.மீ. எனவே தொலைவுத் தோற்றத்தைக் கணக்கால் உண்டாக்க வேண்டும். கண்ணிலிருந்து கப்பல் 45 செ.மீ., அதாவது 315 மீட்டர். கரை 3,015 மீட்டர். பின்திரை கண்ணிலிருந்து 75 செ.மீ. தொட்டியின் உயரம் பத்து மீட்டர் என்று கொள்வோம். அது திரையில் எத்துணை உயரம் இருக்க வேண்டும்? 10ஐ 3,015ஆல் வகுத்து 750ஆல் பெருக்குக. விடை இரண்டரை மில்லிமீட்டர்.

இவ்விடை வந்தபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. யானும் மறுமுறை கணக்கிட்டேன்.

கடலை அமைப்பதில் பிழை செய்தவன் யானே. கண்ணின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 7 மீட்டர், அதாவது பெட்டியில் 1 செ.மீ. எனக் கொண்டோம். அடிவானக் கோடு எப்போதும் கண்ணின் மட்டத்திலேயே இருக்கும். அதைப் பின்திரையில் சரியாக வரைந்தேன். ஆனால் கடற்பரப்பை மேசை போல் மட்டமாக இட்டுவிட்டேன். அப்போது கரையோரம் அடிவானத்துக்கு ஒரு செ.மீ. கீழே விழுந்தது. உண்மையில் அது 1.7 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பார்த்தவர் கண்ணுக்கு நகரம் 3,015 மீட்டரில் இல்லை. 525 மீட்டரில், கப்பலின் மடியில் வந்து நின்றது. மீண்டும் பெயர்த்தெடுத்து, கடலைப் பின்புறம் 8 மி.மீ. உயருமாறு சாய்த்து ஒட்டியபின் கரை தன் இடத்துக்குப் போயிற்று. அலைகளையும் பின்செல்லச் செல்லச் சிறிதாக்குக. கடைசிப் பத்து செ.மீ.யில் அலையே வேண்டா.

ஒளி பற்றி ஓர் எச்சரிக்கை. இரவுக் காட்சி என்றவுடன் நீல நிலவொளி பாய்ச்சுவது பலரின் வழக்கம். 1914 ஆகஸ்ட் 21இல் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணம் அமாவாசையில்தான் வரும். அதனோடு இருபத்தொன்பதரை நாளைக் கூட்டினால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19, 20 அளவில் அமையும். ஆகவே 22ஆம் நாள் இளம்பிறை ஒன்பதரை மணிக்கு முன்பே மறைந்திருக்கும். நிலவு கிடையாது. ஒளியெல்லாம் தீயினுடையதே. திரையில் தொட்டிகளுக்கு மேலே சிறு துளையிட்டு, மெல்லிய தாள் ஒட்டி, பின்னால் ஆரஞ்சு நிற எல்.இ.டி. விளக்குகளை வைத்தோம். 12 வோல்ட் மின்னூட்டில் 2 வோல்ட் விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர் செல்ல 500 ஓம் மின்தடை வேண்டும். கடையில் 510 கிடைக்கும். கப்பலின் கரைப்பக்க விளிம்பில் மட்டும் அவ்வண்ணத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைக்கவேண்டும். பெட்டியின் உட்சுவர் முழுவதும் பளபளப்பற்ற கறுப்பு. சாளரக் கண்ணாடியின் மேல்விளிம்பைப் பார்ப்பவர் பக்கம் சற்றே சாய்த்து வைத்தால், பார்ப்பவரின் முகம் கண்ணாடியில் தெரியாது. விளக்குக்கும் கம்பிக்கும் பின்கதவு கட்டாயம். அதை மறந்து ஒட்டிவிட்டுப் பின்னர்ப் பெட்டியை அறுத்தோர் உளர்.

பெட்டி முடிந்தது. யாவரும் பாராட்டினர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், "ஐயா, நகரத்து மக்கள் எங்கே?" என்று வினவினாள். கணக்கிட்டுப் பார்க்குமாறு கூறினேன். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் அத்திரையில் 0.4 மி.மீ. ஊசிமுனையாலும் வரைய இயலாது. சுட்டவர்களின் கண்ணுக்கு நகரம் அப்படித்தான் இருந்திருக்கும் என்றேன். அவள் அந்த மறுமொழியை ஏற்கவில்லை. யானும் அன்றிரவு அதனை முழுமனத்தோடு ஏற்கவில்லை.

அடுத்த வாரம் ஹூக்ஸ்ட்ராட்டனின் இரு துளைகளை நினைவுகூர்ந்து, பெட்டியின் பின்னே மற்றொரு பெட்டியை முதுகோடு முதுகாக இணைத்தோம். இதில் கண் கரையில் இருக்கின்றது. 1/200 அளவில் ஒரு தொட்டி, கண்ணிலிருந்து 45 செ.மீ.யில், 5 செ.மீ. உயரத்தில் நிற்கின்றது. அளவுப்படி அது 90 மீட்டர் தொலைவு. அப்பால் இருட்டு. எம்டன் 33 மி.மீ. நீளக் கறுப்புத் தாள்துண்டு மட்டுமே. அதுவும் பீரங்கி ஒளிரும் கணத்தில்தான் தெரியும். இந்த அளவில் ஆளின் உயரம் எட்டரை மி.மீ. வேட்டியும் தலைப்பாகையும் தீட்ட அது போதும். அம்மாணவி பதினொரு பேரைச் செய்தாள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்.

விழா நாளில் இரு துளைகளும் மண்டபத்தின் இடப்புற மேசையில் இருக்கும். சிறுவர்கள் எட்டிப் பார்க்க ஒரு முக்காலியும் போட்டிருக்கின்றோம். கண்மட்டம் தவறினால் கணக்கனைத்தும் வீணாகும் என்பதால் அம்முக்காலியை நகர்த்தாதிருக்க வேண்டுகின்றோம்.