தந்தையின் கையும் பிள்ளையின் கண்ணும்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையை நம் அங்கத்தினர்களிற் பலர் அறிவர். மலைமேல் ஏற்றப்படும் தீபத்தைக் காண வருவோர் கூட்டம் ஒருபுறமிருக்க, செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கங்களிலிருந்து மாடு விற்கவும் வாங்கவும் வரும் குடியானவர்கள் மற்றொருபுறம் திரண்டிருப்பர். துண்டுக்குள் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களைச் சிறுவர்கள் வாய் பிளந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அச்சந்தையில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். குடியானவர் ஒருவர் தம் காளையை விலைக்கு நிறுத்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன்; பத்து வயதிருக்கும். வாங்க வந்த பெரியவர் மாட்டின் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், முதுகைத் தடவினார். பிறகு தரகரையும் கேளாமல், மாட்டுக்காரரையும் கேளாமல், பையன் பக்கம் குனிந்து, “ஏன் தம்பி, இது ஏரில் படுக்குமா?” என்று வினவினார். பையன் வாய் திறக்கவில்லை. தகப்பனாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் பார்வையைப் பற்றியதே இம்மாதப் பாடம். தகப்பனார் என்ன செய்தார் என்பதைப் பின்னர் கூறுவோம்.

பிள்ளைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது மிகுதி என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இதனைச் சோதனை செய்தே காட்டியவர் ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளநூல் அறிஞர். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளை வைத்து அச்சோதனை நடத்தப்பெற்றது. காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் குத்துவதையும் சுத்தியால் அடிப்பதையும் சில குழந்தைகள் பார்த்தனர். வேறு சிலர் முன்னிலையில் பெரியவர் அமைதியாக விளையாடிக்கொண்டிருந்தார். பின்னர்த் தனியே விடப்பட்டபோது, அடித்ததைப் பார்த்த குழந்தைகளிற் பலர் அதே விதமாக, அதே சொற்களைச் சொல்லிக்கூட, பொம்மையை அடித்தனர். அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாண்டுரா 1965-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி நம்மை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைப்பது. அதில், அடித்த பெரியவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் அவரைப் போல் அடிக்கத் தயங்கினர். ஆனால், “பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு தருகிறோம்” என்றதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினர். பாடம் உள்ளே இறங்கித்தான் இருந்தது. வேளை வராமையால் வெளியே தெரியவில்லை. “என் பிள்ளை அப்படியெல்லாம் செய்வதில்லையே” என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நெசவாளியின் பிள்ளை தறிக்குழியின் ஓரத்தில் வளர்கிறான். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்பொழுது, அறுந்த இழையைத் தந்தை தேடிப் பிடித்து முடிச்சிடுவதைக் கவனிக்கிறான். “இவ்வாறு முடி” என்று அவனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. ஒருநாள் தானே முடிகிறான். ஆனால் அவன் முடிச்சை மட்டுமா கற்றான்? சங்கத்தில் நூல் நிறுத்துத் தரப்படுகிறது. துணியும் நிறுத்து வாங்கப்படுகிறது. இடையில் சிறிது நூலை ஒதுக்கிக்கொண்டு, குறைந்த எடையைக் கெட்டிக் கஞ்சியால் ஈடுகட்டும் தந்திரம் இத்தொழிலுக்குப் புதிதன்று. ஒதுக்கிய நூற்கட்டு பரண்மேல் ஏறுவதையும் அவன் பார்க்கிறான். உழவர் வீட்டுப் பிள்ளை, மல்லாட்டை ஈரம் காயுமுன் மூட்டை கட்டப்படுவதைப் பார்க்கிறான். பால் சங்கத்திற்குப் புறப்படுமுன் ஒரு செம்பு தண்ணீர் சேர்வதைப் பார்க்கிறான். அதே பிள்ளை பள்ளியிலிருந்து பிறன் பென்சிலை எடுத்து வந்தால் நாம் முதுகில் அறைகிறோம்! எதற்காக அறை விழுந்தது என்பது அவனுக்கு விளங்காமல் போவதில் வியப்பென்ன?

பிள்ளை பார்த்துக் கற்பது வேறு. பள்ளியை நிறுத்தி அவனைத் தறியில் உட்கார வைப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பின், 14 வயது நிரம்பாதவரைத் தொழிலில் வைத்தல் பொதுவாகவே குற்றமாகும். பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடமுண்டு.

திருவண்ணாமலையைப் பற்றிப் பேசும்பொழுது ரமண மகரிஷியை நினையாதிருத்தல் இயலாது. அவருடைய ஞானத்தை விளக்கும் தகுதி நமக்கில்லை. நாம் எடுத்துக்கொள்வது அவருடைய அடுப்படியை மட்டுமே.

1879-இல் திருச்சுழியில் பிறந்தவர் அவர். தந்தை சுந்தரம் ஐயர் தம் வீட்டை இரு பகுதியாக அமைத்து, ஒன்றை வந்து போகும் விருந்தினருக்கென்றே விட்டிருந்தார். அத்தந்தை 1892-இல் காலமானபோது மகனுக்கு வயது 12. அதற்குள் அவன் எத்தனை பேர் உண்டு எழுந்ததைப் பார்த்திருப்பான்! பின்னாளில் மகனைச் சூழ்ந்து எழுந்த ஆசிரமத்தில், வந்தவருக்கெல்லாம் சோறிடுவது முதல் வேலையாயிருந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பதினாறு வயதுச் சிறுவனாக மதுரையிலிருந்த சிற்றப்பா வீட்டை விட்டு அவர் புறப்பட்டார். தமையனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுக்கப்பட்ட 5 ரூபாயில், ரயிலுக்கு வேண்டுமென்று 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். சம்பளம் கட்டப்படவில்லை, மீதம் 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கடிதத்தில் தெரிவித்து, அப்பணத்தையும் வைத்துவிட்டுப் போனார். சொல்லாமல் வீட்டைவிட்டுச் செல்வதை எந்தப் பிள்ளைக்கும் நாம் உதாரணமாகக் காட்டோம்; அதனால் அவருடைய அன்னை அழகம்மாள் பட்ட துயரம் சிறிதன்று. ஆயினும், அனைத்தையும் துறந்து செல்லும் நேரத்திலும் கணக்கைச் சரியாக எழுதிவைத்த கையை, வரவு செலவு எழுதும் சங்கத்தார் மறக்கவொண்ணாது.

1916-இல் அழகம்மாள் மகனுடனேயே தங்க வந்தார். மலைமீதிருந்த கந்தாசிரமத்தில் அவர் சமையலைத் தொடங்கினார். ஆசாரம் மிக்கவர், வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் விலக்கியவர். மகன் அவரைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யவில்லை. கேலி செய்தும், தாம் எல்லாரோடும் ஒன்றாக இருந்துகாட்டியுமே அவரை மாற்றினார். இங்கே பிள்ளையைப் பார்த்துத் தாய் கற்றார். 1922-இல் அன்னை மறைந்தபின், அவருடைய சமாதியைச் சூழ்ந்தே இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

அவ்வாசிரமத்தின் சமையலறையில் பல ஆண்டுக் காலம் விடியுமுன் வந்து காய் நறுக்கியவர் மகரிஷியே. சட்னி அரைப்பார், இலை தைப்பார், தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பந்தியில் தமக்கென்று ஒரு பண்டம் கூடுதலாக விழுந்தாலும் ஏற்கமாட்டார். அருகிலிருந்தோர் அதைப் பார்த்தே பொருளை வீணாக்க அஞ்சினர். ஒருமுறை ஒருவர், பயன் கருதாது வேலை செய்வது எங்ஙனம் என்று கேட்டார். மகரிஷி விடை கூறவில்லை. மலையில் முள்நிறைந்த கொம்பொன்றை வெட்டி, முள்ளைச் சீவி, முரட்டு இலையால் பல மணி நேரம் தேய்த்து வழவழப்பாக்கினார். அவ்வழியே கோலைத் தொலைத்துவிட்டு வாடிய முகத்துடன் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் வந்தான். கோலை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்டவருக்கு விடை கிடைத்துவிட்டது.

கூட்டுறவு இயக்கமும் இத்தகைய செயல்விடையில் பிறந்ததே. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்த 28 பேரிற் பலர் நெசவாளர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய இவையே அவர்களுடைய சரக்கு. கலப்படமும் கள்ள எடையும் மலிந்திருந்த அந்நாளில், கலப்பற்ற பண்டத்தைச் சரியாக நிறுத்துக் கொடுத்தனர். பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதற்கல்வி அத்தராசுத் தட்டிலேயே கிடைத்திருக்கும் என்பது நம் எண்ணம்.

நம் சங்கங்களில் மகாசபைக் கூட்ட நாளன்று பிள்ளைகளைத் துரத்திவிடுகிறோம். அவர்கள் திண்ணையில் நின்று பார்க்கட்டுமே! தவணையைக் கட்டிவிட்டு ரசீதை வாங்கும் தாயைப் பார்க்கட்டும். எதிர்க் கருத்துடையவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின் எழுந்து பதில் சொல்லும் தந்தையைப் பார்க்கட்டும். வாசிப்பு வட்டம் நடத்தும் அங்கத்தினர்கள், சென்ற ஒரு மாதத்தில் தம் பிள்ளை தம்மிடம் பார்த்த செயல்களில் ஒன்றை, நல்லதாயினும் அல்லதாயினும், கூச்சமின்றிக் கூறி அடுத்த கூட்டத்தைத் தொடங்கலாம். நம் வட்டத்தில் நாம் அவ்வாறு தொடங்கியபோது முதலில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், கெட்டிக் கஞ்சியைப் பற்றித்தான், வாய் திறந்தார்.

சந்தைக்கு வருவோம். பையன் நிமிர்ந்து பார்த்ததும் தகப்பனார் ஒரு கணம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தரகர் தொண்டையைக் கனைத்தார். “படுக்கும் ஐயா. காலையில் படுக்காது, வெயில் ஏறினால் சில நாள் படுக்கும்” என்றார் தகப்பனார். தரகர் முகம் சுளித்தார். துண்டுக்குள் விரல்கள் மீண்டும் முதலிலிருந்து பேசத் தொடங்கின. வெகுநேரத்திற்குப் பின் பெரியவர் தாம் கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டினார். பையன் பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தகப்பனாரோடு நடந்தான்.