வயல் வேலைக்கு ரப்பர் பூட்ஸ்: தேர்ந்தெடுக்கும் விதமும் உபயோகிக்கும் முறையும்

உழவு மாட்டின் குளம்பு தேயாதிருக்க லாடம் கட்டுவிக்கும் விவசாயி, தன் கால்களை மட்டும் வெறுமையாக விட்டுவிடுகிறான். சேலம், நாமக்கல் சமவெளியில் மேட்டூர்க் கிழக்குக் கரை வாய்க்காலின் நெல் வயலிலும், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலும், மோகனூர்க் கரும்புத் தோட்டத்திலும் இரவில் நீர் பாய்ச்சச் செல்வோரில் பலர் இன்றும் வெறுங்காலுடனேயே செல்கின்றனர். அதனால் விளையும் நஷ்டம் அற்பமானதன்று.

வெறுங்காலுக்கு வரும் அபாயங்கள்

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன், நல்ல பாம்பு ஆகிய நான்குமே இந்தியாவில் மிகுதியான உயிர்களைக் கொள்ளும் பாம்புகளாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் இந்நாட்டில் பாம்புக் கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர், என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். வயலில் நேரும் கடிகளில் அநேகம் பாதத்திலும் கணுக்காலிலுமே படுகின்றன. உயிர் பிழைத்தவர் சிலருக்கும் கால் அழுகி, உழைக்கும் சக்தி குன்றிவிடுகிறது. குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் படுத்துவிட்டால், சங்கத்தில் வாங்கிய கடனும் தவணை தவறுகிறது.

இதுவன்றி, மலத்தால் அசுத்தமான மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உட்புகுந்து இரத்தச் சோகையை விளைவிக்கும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் எலிக் காய்ச்சல் உண்டாகும். முள்ளும், உடைந்த கண்ணாடியும், கரும்பின் அடிக்கட்டையும் காலைக் கிழிக்கும்.

பூட்ஸின் வரலாறு

மேல்நாடுகளில் மான் வேட்டைக்குச் செல்வோர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிவதுண்டு. ஈரமும் முள்ளும் தாக்காதிருப்பதோடு, மனித வாடை தரையில் படிவது குறையும் என்பதும் அதன் நோக்கம். இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான் வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறது. எனினும் அந்தப் பூட்ஸ் வேட்டைக்காரனைவிட உழவனுக்கே அதிகம் உரியது. கந்தகம் சேர்த்துக் காய்ச்சி ரப்பரை உறுதிப்படுத்தும் முறையை 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1853-ல் ஹைரம் ஹட்சின்சன் என்பவர் பிரான்ஸில் தொழிற்சாலை நிறுவி, அதுவரை மரக்காலணி அணிந்துவந்த அந்நாட்டு விவசாயிகளுக்கு ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தார்.

தேர்ந்தெடுக்கும் விதம்

1. உயரம்: முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இருத்தல் வேண்டும். கணுக்காலோடு நிற்பது சேற்றுக்கு உதவலாம்; பாம்புக்கு உதவாது.

2. அளவு: கனத்த பருத்திக் காலுறையுடன் மாலையில் அணிந்து பார்க்க வேண்டும்; பகல் முழுதும் உழைத்த கால் அப்பொழுது சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கையில் குதிகால் மேலெழும்பினால் அது பெரிது, சேற்றில் கழன்றுவிடும்.

3. பொருள்: அசல் ரப்பர் வளைந்து கொடுக்கும், விலை கூடுதல். பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்தது மலிவு, ஆயினும் விறைப்பானது. எதுவாயினும் சுவர் கனமாக இருக்க வேண்டும்.

4. அடிப்பாகம்: வரப்பில் வழுக்காதபடி ஆழமான வெட்டுக்கள் இருத்தல் அவசியம்.

5. உள்பக்கம்: குளிர் நாட்டுக்கென்று கம்பளி வைத்துத் தைத்தவை இச்சமவெளியின் வெப்பத்திற்கு ஏற்றவையல்ல.

உபயோகிக்கும் முறை

அணியுமுன் ஒவ்வொரு முறையும் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தேளும் பூரானும், சில வேளை பாம்பும், உள்ளே ஒதுங்கியிருக்கும். இவ்வொரு பழக்கத்தை மறந்தால் காவலே ஆபத்தாக முடியும்.

நடுப்பகல் வெயிலில் நெடுநேரம் அணிந்தால் வியர்வையால் பாதம் புண்ணாகும். ஆகையால் இரவுப் பாசனம், விடியற்கால வேலை, புல்லறுப்பு, கரும்பு வெட்டு ஆகியவற்றிற்கு முதலிடம் கொடுத்து, இடையிடையே கழற்றிக் காலை உலர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் கழுவி நிழலில் உலர்த்துக, அடுப்பருகே வைக்கலாகாது. மண்ணெண்ணெயும் மோட்டார் எண்ணெயும் ரப்பரை ஊதிக் கெடுக்கும். சிறு துளையைச் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் முறையில் அடைக்கலாம். ஆனால் அது அசல் ரப்பருக்கே பொருந்தும். ஆழமான வாய்க்காலில் பூட்ஸுடன் இறங்கலாகாது. உள்ளே நீர் நிரம்பினால் காலைத் தூக்குவது கடினம்.

பூட்ஸ் காவாத இடங்கள்

கனத்த ரப்பரும், அதற்கும் தோலுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் பெரும்பாலும் பல்லைத் தடுக்கும். ஆயினும் இது முழுக் காவல் அன்று. வைக்கோலையும் கடலைக் கொடியையும் கையால் அள்ளுமுன் கோலால் கிளறிப் பார்க்க வேண்டும். இருட்டில் விளக்கின்றி நடத்தலாகாது. கட்டு விரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே கடிக்கும். அதற்குக் கட்டிலும், ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகிய கொசுவலையுமே பாதுகாப்பு.

கடி நேர்ந்தால், கடிவாயை வெட்டுவதும், உறிஞ்சுவதும், மேலே இறுகக் கட்டுவதும் கேடு விளைக்கும். பூட்ஸையும் மெட்டியையும் உடனே கழற்றி, காலை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மந்திரத்திற்கும் பச்சிலைக்கும் செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு உலை வைக்கும்.

சங்கம் செய்யக்கூடியது

வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர், இந்நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்து மருந்து செய்வோருக்கு அளிக்கின்றனர். மருந்துக்கு மூலம் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கமாயின், கடியைத் தடுப்பது மற்றொரு சங்கத்தின் கடமையாகலாம். அங்கத்தினரின் கால் அளவுகளை ஒரு பதிவேட்டில் குறித்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அளவு பொருந்தாதது பரணில் கிடக்கும். ஆகையால் அளவெடுக்காமல் வாங்குவது வீண். ஒருவர் பூட்ஸை மற்றொருவர் அணிந்தால் பாதப் புண் பரவும். ஆளுக்கொரு ஜோடியே முறை. நிலமுள்ளவருக்கு மட்டுமின்றி, கூலிக்கு நாற்று நடும் பெண்களுக்கும் கரும்பு வெட்டும் தொழிலாளருக்கும் இது கிடைக்க வேண்டும். பாம்பு பட்டாவைப் பார்த்துக் கடிப்பதில்லை.