லிங்கனைத் தேதி வரிசையில் படி

அன்புள்ள தம்பி,

ஆபிரகாம் லிங்கனைப் பற்றிய உன் கட்டுரை வந்தது. 1848இல் அதிபரின் போர் அதிகாரத்தை எதிர்த்தவர் 1861இல் அதையே கையில் எடுத்துக்கொண்டார், ஆகவே சந்தர்ப்பவாதி என்று முடித்துவிட்டாய். சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசிவிட்டாலே வழக்கு முடிந்தது என்று ஜூனியர் வக்கீல்கள் நினைப்பார்கள். குறுக்கு விசாரணையே அதற்குப் பிறகுதான்.

1848 பெரிய சிக்கல் இல்லை. மெக்சிகோ மீதான போரில் முதல் ரத்தம் சிந்தியது எந்த நாட்டு மண்ணில் என்று அவர் அதிபர் போல்க்கைக் கேட்டார். அது அந்நிய நாட்டோடு நடந்த போர். 1861இல் நடந்தது உள்நாட்டுக் கிளர்ச்சி. இரண்டுக்கும் சட்டம் ஒன்றல்ல.

1861தான் கடினம். ஏப்ரல் 12 அன்று கிளர்ச்சியாளர்கள் சம்டர் கோட்டையைத் தாக்கியபோது, அமெரிக்கச் சட்டமன்றமான காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. மூன்று நாளில் லிங்கன் 75,000 மிலிஷியா வீரர்களை அழைத்தார். அதற்குச் சட்டம் இருந்தது. மே 3 அன்று நிரந்தர ராணுவத்தையே பெரிதாக்கினார். அது காங்கிரஸின் அதிகாரம். இடையில், ஏப்ரல் 27 அன்று, ஃபிலடெல்ஃபியா முதல் வாஷிங்டன் வரையிலான வழியில் ஆட்கொணர்வு ஆணையை நிறுத்திவைக்கத் தளபதிக்கு அனுமதி கொடுத்தார். அப்படிக் கைதான மெரிமன் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி டேனி அதைக் கண்டித்தார். ஆட்கொணர்வை நிறுத்துவது பற்றிய ஷரத்து அரசியல் சாசனத்தில் சட்டமன்றத்துக்குரிய முதல் பிரிவில் இருக்கிறது, அதிபருக்கு அங்கே வேலையில்லை என்றார். ஷரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் டேனி பக்கமே வலு என்பது என் கருத்து. (கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதிய அதே டேனிதான். பிடிக்காத மனிதர் சொல்லும் சரியான வாதத்தையும் கேட்கப் பழகு.) லிங்கன் அவருக்குக் கீழ்ப்படியவில்லை. ஆனால் ஜூலை 4 அன்று காங்கிரஸைக் கூட்டி, செய்த அனைத்தையும் அவர்கள் முன் வைத்தார். ராணுவம் பற்றிய ஆணைகளுக்கு ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. ஆட்கொணர்வு பற்றிய சட்டம் வர 1863 மார்ச் ஆயிற்று.

உன் கட்டுரையில் இல்லாதது இனி வருகிறது. 1861 ஆகஸ்டில் மிசூரியில் தளபதி ஃப்ரீமான்ட், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் விடுதலை என்று அறிவித்தார். லிங்கன் அதை ரத்து செய்தார். பழைய நண்பர் பிரௌனிங் கோபித்துக்கொள்ள, செப்டம்பர் 22 அன்று பதில் எழுதினார். போர்த் தேவைக்காகத் தளபதி ஒருவர் சொத்தைக் கைப்பற்றலாம். அதன் நிரந்தர உரிமையைத் தீர்மானிப்பது சட்டமியற்றுவோர் வேலை. தளபதியோ அதிபரோ பிரகடனத்தால் அதைச் செய்தால் அது சர்வாதிகாரம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். சரியாக ஓராண்டு கழித்து, 1862 செப்டம்பர் 22 அன்று, அடிமை விடுதலையின் முதற்கட்டப் பிரகடனத்தை வெளியிட்டவரும் அவரே.

இதையும் முரண் என்பாய். 1863 ஜனவரி 1 அன்று வெளியான இறுதிப் பிரகடனத்தைப் படித்துவிட்டுச் சொல். படைத் தலைமை அதிகாரத்தின் கீழ், போர் நடவடிக்கையாக என்றே அதில் எழுதினார். ஒன்றியத்தில் நீடித்த கென்டக்கி போன்ற மாநிலங்களைத் தொடவில்லை, டென்னசியை விட்டுவிட்டார். தார்மீக ஆவேசத்தோடு படிப்பவருக்கு அது எரிச்சலூட்டும். வக்கீலுக்கு அதன் காரணம் புரியும்: அதிகாரம் போரிலிருந்து வருகிறது என்றால், கிளர்ச்சி நடக்காத இடத்தில் அது செல்லாது. போர் முடிந்தால் பிரகடனம் நிற்குமா என்ற சந்தேகம் அவருக்கே இருந்ததால்தான் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியல் சாசனத் திருத்தத்துக்கு அவ்வளவு பாடுபட்டார்.

அதற்காக அவரை முழுதாக விடுவிக்காதே. 1863 மே மாதம் ஒஹையோவில், போரை எதிர்த்துப் பேசியதற்காக வலாண்டிகம் என்ற அரசியல்வாதியை ராணுவம் கைது செய்து, ராணுவ விசாரணையில் தண்டித்தது. அங்கே நீதிமன்றங்கள் திறந்திருந்தன. லிங்கன் தண்டனையை நாடுகடத்தலாக மாற்றினார். கைதை நியாயப்படுத்திக் கடிதமும் எழுதினார். சாமர்த்தியமான கடிதம், பலவீனமான சட்டம்.

கட்டுரையைத் திருத்தும்போது மில்லிகன் தீர்ப்பையும் சேர்த்துக்கொள். நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ ஆணையம் விசாரிப்பது செல்லாது என்று 1866இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் டேவிட் டேவிஸ்: 1860 வேட்பாளர் தேர்வில் லிங்கனுக்காக உழைத்தவர், லிங்கனே நியமித்த நீதிபதி.