உங்கள் ஊரில் ஓர் எழுத்துப் பட்டறை

பெண்களும் திருநரும், ஆண்-பெண் என்ற இரண்டிலும் தம்மை அடக்காதவர்களும் கூடி எழுத இடம் வேண்டுமா? கிளை நூலகத்தில் கேளுங்கள். வாசகர் வட்டம் கூடும் அறை கிடைக்கலாம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன், மதியம் 2 முதல் 4 வரை வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு. ‘குழந்தையையும் அழைத்து வரலாம்’ என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பெயரை அவரவரே எழுதட்டும், எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லட்டும். ஆதார் அட்டையில் உள்ள பெயர் இங்கே தேவையில்லை.

முதல் நாளே ‘உங்கள் வலியை எழுதுங்கள்’ என்று கேட்காதீர்கள். திருநரிடம் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பிடித்த சாப்பாடு, பார்த்த சினிமா, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் உண்டு. அடுப்படியோ பேருந்து நிறுத்தமோ ரேஷன் கடை வரிசையோ, ஏதாவது ஓர் இடத்தைப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எழுதிப் பழகாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் எழுதலாம், கைப்பேசியிலும் பதியலாம். வட்டார வழக்கில் தயவுசெய்து கைவைக்காதீர்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் பேச்சுத் தமிழிலேயே வந்த நூல். அதோடு லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ ஆகிய தன்வரலாறுகளையும் மேசைமேல் வைத்திருங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டுவது கட்டாயமில்லை. படம் எடுப்பதும் வாட்ஸ்அப்பில் பகிர்வதும் எழுதியவர் சம்மதித்தால் மட்டுமே. வீட்டில் நோட்டை வைக்க முடியாதவர்களும் வருவார்கள்; அவர்களுக்காகப் பூட்டுள்ள ஓர் அலமாரியை நூலகரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.